‘விபத்து’ முதல் ‘திருத்தம்’ வரை: ‘தி ஷைனிங்’ படத்தில் ஒரு வீட்டின் மொழி

ஆசிரிய நண்பர்களே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது வகுப்பில் போட்டுக் காட்டும் படம் அல்ல. கோடரியும் இரத்தமும் உள்ள பேய்ப்படம். ஆனால் ஒரு பாத்திரம் என்ன பேசுகிறது, பேசிக்கொண்டே எதை மறைக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த வேலையில் இருக்கும் நாம் ஒரு முறையாவது பார்க்க வேண்டிய படம், ஸ்டான்லி குப்ரிக் 1980இல் எடுத்த ‘தி ஷைனிங்’.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். ஜாக் டோரன்ஸ் முன்பு பள்ளி ஆசிரியர். இப்போது எழுத்தாளர் ஆக வேண்டும் என்று ஆசை. கொலராடோ மலையில் இருக்கும் ஓவர்லுக் ஹோட்டல் குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மனைவி வெண்டியையும் சின்னப் பையன் டேனியையும் அழைத்துக்கொண்டு போகிறான். முன்பு அதே வேலையில் இருந்தவன் தன் மனைவியையும் இரண்டு மகள்களையும் கொன்றான் என்பதை நேர்முகத் தேர்விலேயே சொல்லிவிடுகிறார்கள். ஜாக் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறான். பனி வழியை அடைக்கிறது. அவன் மனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, கடைசியில் கோடரியோடு சொந்தக் குடும்பத்தைத் துரத்துகிறான்.

ஹோட்டல்தான் அவனைக் கெடுத்தது என்று நினைத்துப் பார்த்தால் இது நல்ல பேய்ப்படம், அவ்வளவுதான். இரண்டாவது முறை பார்த்தபோதுதான் எனக்கு வேறொன்று காதில் விழுந்தது. இந்தக் குடும்பம் ஹோட்டலுக்குப் போவதற்கு முன்பே உடைந்துவிட்டது. அந்த உடைசல் அவர்கள் பேசும் வாக்கியங்களில் தெரிகிறது.

வெண்டி சொல்லும் கதை

ஹோட்டலுக்குக் கிளம்பும் முன் டேனி மயங்கி விழுகிறான். பையனுக்கு முன்பு அடிபட்டதைப் பேச்சுவாக்கில் வெண்டி சொன்னதும், வீட்டுக்கு வந்த மருத்துவர் என்ன காயம் என்று கேட்கிறார். தோள்மூட்டு விலகியது என்கிறாள் வெண்டி. விலக்கியது யார்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. மருத்துவர் மேலும் கேட்டதும் கதை வருகிறது. அது விபத்துதான்; கணவர் குடித்திருந்தார்; மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார்; மனநிலை சரியில்லை; பையன் அவருடைய பள்ளித் தாள்களை அறை முழுக்க இறைத்துவிட்டான். காரணங்கள் எல்லாம் வரிசையாக வந்து முடிந்த பிறகுதான், அவர் பையனின் கையைப் பிடித்து இழுத்தார் என்ற செயல் வருகிறது. அதுவும் பிள்ளை வளர்க்கும் எவரும் நூறு முறை செய்வதுதானே என்ற சமாதானத்தோடு.

ஷெல்லி டுவால் இதைச் சிரித்தபடியே சொல்கிறார். விரலில் இருக்கும் சிகரெட்டின் சாம்பல் நீண்டுகொண்டே போகிறது. மருத்துவரின் முகம் மாறுவதைப் பார்த்து, நமக்கும் ஏதோ புரிகிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் குடியை விட்டுவிட்டார், ஐந்து மாதமாகத் தொடவில்லை என்று நல்ல செய்தியோடு முடிக்கிறாள்.

ஒரு குறிப்பு: அமெரிக்காவில் ஓடிய நீண்ட வடிவத்தில்தான் இந்தக் காட்சி உண்டு. வெளிநாடுகளுக்காகச் சுருக்கிய வடிவத்தில் வெட்டிவிட்டார்கள். அதை மட்டும் பார்த்தவர்கள் படத்தின் சாவியைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

ஜாக் சொல்லும் கதை

டேனியின் கழுத்தில் காயத்தைப் பார்த்து வெண்டி கணவனைக் குற்றம் சாட்டியதும், ஜாக் ஹோட்டலின் வெற்று மதுக்கூடத்துக்குப் போய் உட்கார்கிறான். இல்லாத ஒரு பரிமாறுபவனிடம் மனம் திறக்கிறான். அதே சம்பவம்தான். ஆனால் இப்போது அது நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டதாம்! மனைவி சொன்னது ஐந்து மாதம். கணக்கு உதைக்கிறதே? மூன்று வருடம் சரியென்றால், அந்தச் சம்பவத்தால்தான் அவன் குடியை விட்டான் என்ற வெண்டியின் நம்பிக்கை நிற்காது. படம் இதை எங்கேயும் விளக்கவில்லை. கேட்டவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அவன் மொழியைக் கவனியுங்கள். தசைகளின் ஒருங்கிணைப்பு ஒரு கணம் தவறியது, ஒரு நொடிக்கு இத்தனை அலகு விசை கூடிவிட்டது என்று இயற்பியல் பாடம் எடுக்கிறான். படித்தவன் அல்லவா! குடிகாரனின் உளறலைவிட இந்தக் கலைச்சொல்தான் எனக்குப் பயமாக இருந்தது. தான் செய்ததை அளவிட முடிகிறது அவனுக்கு. தான் செய்ததாக ஒத்துக்கொள்ள முடியவில்லை.

‘திருத்தினேன்’

பிறகு சிவப்புச் சுவர்கள் கொண்ட கழிவறையில், முன்பு குடும்பத்தைக் கொன்ற கிரேடி பணிவான பரிமாறுபவனாக வந்து நிற்கிறான். மகள்களையும் மனைவியையும் என்ன செய்தான் என்பதற்கு அவன் பயன்படுத்தும் சொல்லைத் தமிழில் சொன்னால் ‘திருத்தினேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘கொன்றேன்’ என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை.

நாம் தினமும் சொல்லும் சொல் இது. இன்றிரவு வீட்டில் கட்டுரை திருத்த வேண்டும் என்கிறோம். ஜாக்கின் கை நீண்டதும் பள்ளித் தாள்களுக்காகத்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். விபத்து என்றார்கள், பிறகு கொஞ்சம் கூடுதல் விசை, பிறகு திருத்தம். ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லுக்கு வழி விட்டிருக்கிறது. படத்தின் காலக் குறிப்புகள் ‘ஒரு மாதம் கழித்து’ என்பதிலிருந்து கிழமைகளாகச் சுருங்கி, கடைசியில் மணிக்கணக்காகிவிடுவதும் இதே வேகத்தில்தான்.

பையனுக்கு மட்டும் உண்மை தெரியும். ஆனால் நேராகச் சொல்ல அவனுக்கு மொழி இல்லை. ‘கொலை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாகக் கதவில் எழுதுகிறான். கண்ணாடியில் பார்த்தபோதுதான் தாய்க்குப் படிக்க முடிகிறது. பெரியவர்களின் நேரான பேச்சு பொய். குழந்தையின் தலைகீழ் எழுத்து மெய். பனிப் புதர்ச் சிக்கலில் அவன் தப்பிப்பதும் தன் காலடிச் சுவட்டிலேயே பின்னோக்கி நடந்துதான்.

ஸ்டீஃபன் கிங் சொல்வது சரியா?

1977இல் நாவலை எழுதிய ஸ்டீஃபன் கிங்குக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. அவருடைய ஜாக் நல்ல மனிதன்; போராடித் தோற்பவன். ஜாக் நிக்கல்சனோ முதல் காட்சியிலேயே பைத்தியம் போல இருக்கிறார் என்பது அவர் குறை. வெண்டி அலறுவதற்கென்றே வைத்த பாத்திரம் என்பது இன்னொரு குறை.

முதல் குறையில் பாதி நியாயம் உண்டு. படத்தில் தந்தையின் பாசம் ஏறக்குறைய இல்லை. டேனியை மடியில் வைத்துக்கொள்ளும் காட்சி ஒன்றுதான். அங்கேயும், எங்களை நீங்கள் ஒன்றும் செய்ய மாட்டீர்கள்தானே என்று பையன் கேட்டால், அப்படி உன் அம்மா சொன்னாளா என்றுதான் அவனுக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் மீதிப் பாதியை நான் ஏற்கவில்லை. நல்லவனாகக் காட்டியிருந்தால் நாமும் வெண்டியைப் போலக் காரணங்களை முன்னால் அடுக்கியிருப்போம்.

வெண்டியைப் பற்றிய குறையும் அப்படித்தான். டுவாலை மோசமான நடிகை என்று அன்று ராஸ்ஸி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள்; 2022இல்தான் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். படத்தில் மாறுகிற ஒரே ஆள் அவள்தான். விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, நடுங்கும் கையில் மட்டையோடு கணவனை அடித்து, இழுத்துப் போய், சாமான் அறையில் பூட்டுகிறாளே, அது பலவீனமா?

என் குறை வேறு. கடைசியில் வரும் 1921ஆம் ஆண்டுப் புகைப்படத்தில் ஜாக் சிரித்துக்கொண்டு நிற்கிறான். எல்லாம் ஹோட்டலின் வேலை என்று சொல்ல இதுவும் ஒரு சாக்கு. படமே அவனுக்குக் கொடுக்கும் கடைசிச் சாக்கு.

வகுப்புக்கு எடுத்துப் போக ஒன்று உண்டு. ஒரு பூச்சட்டி உடைந்த கதையை, உடைத்தவரும் பார்த்தவரும் உடைத்தவரின் நண்பரும் சொல்வதாக மூன்று பத்தி எழுதச் சொல்லுங்கள். எந்த வாக்கியத்தில் எழுவாய் காணாமல் போகிறது, எங்கே காரணம் செயலுக்கு முன்னால் ஓடி வருகிறது என்று கோடிடச் சொல்லுங்கள். செயப்பாட்டுவினை எதற்குப் பயன்படுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று நமக்கு. “சும்மா பட்டுடுச்சு டீச்சர்” என்று ஒரு பிள்ளை சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டால், அன்று இலக்கணம் பார்க்க வேண்டாம். எழுவாய் யார் என்று மட்டும் மனத்தில் கேட்டுக்கொண்டு, பள்ளி ஆலோசகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.