மறையாத அந்த ஒரு கை

போன ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரிக்குப் போனது டென்னிஸ் பால் மேட்ச் பார்க்கத்தான். ஒரகடம் சுற்றுவட்டாரக் கம்பெனிப் பையன்கள் ஆடும் பத்து ஓவர் ஆட்டம். முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் பந்து முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. வந்தவர்கள் எல்லாம் குறுக்கு மட்டை போட்டு நடையைக் கட்ட, பதினோரு மணிக்கே கதை முடிந்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

நல்ல ஆட்டம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் நடந்துகொண்டிருந்தது. ஆறேழு பேர். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர் ஒருவர், இரண்டு மணி ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருவர், தோற்ற அணியின் விக்கெட் கீப்பர் ஒருவர், இப்படி. பெஞ்சின் மேல் இரண்டு காமிக்ஸ். ஒன்று சிவகாசியிலிருந்து அந்த வாரம் கூரியரில் வந்த புது டெக்ஸ் வில்லர் கௌபாய் கதை. இன்னொன்று ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிய இரும்புக்கை மாயாவி மறுபதிப்பு. அமெரிக்காவில் புதன்கிழமைதோறும் புது காமிக்ஸ் கடைக்கு வரும், ரசிகர்கள் வாராவாரம் அலசுவார்கள். நம் ஆட்களுக்கு மாதம் ஒரு பார்சல்தான். அதனால் என்ன, நான்கு வாரத்துச் சண்டையையும் ஒரே காலையில் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

டெக்ஸை யாரும் தொடவில்லை. வழக்கம்போல ஆடி வழக்கம்போல ஜெயித்திருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். சண்டை மாயாவியை வைத்துத்தான்.

"அண்ணா, கரண்ட் அடிச்சா மனுசன் செத்துப்போவான். மறைஞ்சா போவான்? காதுல பூ சுத்தாதீங்க" என்றான் ஒரு டிப்ளமோ தம்பி. மார்வெல் படம் ஒன்று விடாமல் பார்த்தவன்.

"உங்காளை மட்டும் சிலந்தி கடிச்சா சுவத்துல ஏறுவானோ? எங்க ஊர்ல கடிச்சா தடிப்புதான் வரும்" என்றார் பெஞ்சு ஓரத்தில் இருந்த பெரியவர். சாத்தூர்ப் பக்கத்துக்காரர், பிரஸ் ஷாப்பில் வேலை.

இருவருக்கும் தெரியாத ஒன்றை நடுவில் புகுந்து நான் சொன்னேன். அவர்கள் சண்டை போடும் இரண்டு பேரும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். ஸ்பைடர்மேன் அமெரிக்காவில் வந்தது 1962 ஆகஸ்டு இதழில். லண்டனின் 'வேலியண்ட்' வார இதழில் கென் புல்மர் எழுத, ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைய, லூயிஸ் கிராண்டெல் என்கிற இரும்புக்கைக்காரர் வந்தது அதே 1962 அக்டோபரில். இருவருக்குமே விஞ்ஞானத்தால் விபத்து. ஒருவனுக்கு எல்லாமே கிடைத்தது. இன்னொருவன் ஏற்கெனவே ஒரு கையை இழந்தவன். அதற்குப் பிறகுதான் அவனுக்கு ஷாக் அடிக்கிறது.

பத்திரிகையில் விளையாட்டு எழுதிப் பழகியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். யாரைப் பார்த்தாலும், இவனை எப்படி அவுட் ஆக்கலாம் என்றுதான் முதலில் யோசிப்பேன். அந்தக் கண்ணோடு பார்த்தால் மாயாவி அபாரமான ஆட்டக்காரர். மறைய வேண்டுமென்றால் அவருக்கு மின்சாரம் வேண்டும். சுவரில் ஒரு பிளக் இல்லையென்றால் அவர் வெறும் கோட்டு போட்ட மனிதர். மறைந்தாலும் முழுசாக மறைவதில்லை, அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மின்சாரத்தின் வேகம் தணிந்தால் ஆள் திரும்பத் தெரிந்துவிடுவார், அது எதிரியின் வீட்டு நடுக்கூடமாக இருந்தாலும். பிளாஸ்கோ இதைக் கறுப்பு வெள்ளையில் வரைந்திருக்கும் விதம் தனி: இருட்டு, அதில் ஒரு கை, அதைப் பார்த்துவிட்ட ஒருவனின் முகம். கேள்வி கேட்கலாம்தான். போட்டிருக்கும் கோட்டு ஏன் மறைகிறது என்று தம்பி கேட்டான். பெரியவர் டீயைக் குடித்துக்கொண்டார். அது பூதான், ஆனால் ஒரே ஒரு பூ. மற்றபடி கதை தன் விதியை மீறுவதில்லை.

இந்தக் கை தமிழுக்கு வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கி, முல்லை தங்கராசன் ஆசிரியராக இருக்க, முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது 1972-ல். அதற்கு முந்தைய வருடம், 1971 ஆகஸ்டு 24 அன்று, ஓவல் மைதானத்தில் இந்தியா நான்கு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்து இங்கிலாந்து மண்ணில் முதன்முறையாகத் தொடரைக் கைப்பற்றியது. இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 101 ரன்னுக்குச் சுருண்டது. சந்திரசேகர் 38 ரன் கொடுத்து 6 விக்கெட். சின்ன வயதில் போலியோ தாக்கி மெலிந்துபோன வலது கையால் வீசினார் அவர். பந்தை எடுத்து எறிவதற்கு இடது கை. அந்த மெலிந்த கையிலிருந்து பந்து சாட்டை மாதிரி வந்தது, லெக் ஸ்பின்னருக்கு இல்லாத வேகத்தில். 58 டெஸ்டில் 242 விக்கெட் எடுத்தவர், மொத்தம் அடித்த ரன் 167. மட்டை பிடித்தால் பாவம், பந்து பிடித்தால் எதிரி பாவம்.

அந்த வருடங்களில் பள்ளிக்கூடம் போன பையன்கள் ரேடியோவில் ஒரு வலது கையைப் பற்றிக் கேட்டார்கள், மறு வருடம் பெட்டிக்கடையில் இன்னொரு வலது கையை வாங்கினார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள். இருக்கட்டும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன், ஐந்து வயதில் பஸ் சக்கரம் ஏறி வலது கால் நசுங்கியவர், 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியபோது நாம் ஏன் அப்படிக் கொண்டாடினோம்? உயரத்துக்காக மட்டும் இல்லை.

பெரியவர் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் கவனித்தேன். வலது ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"ரொம்ப வருசம் ஆச்சு சார். வேற ஊரு, வேற கம்பெனி."

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும், கை உள்ளே மாட்ட வழியில்லை. புது மெஷின்களில் லைட் கர்ட்டன் வேறு உண்டு, கையை நீட்டினாலே நின்றுவிடும். உற்பத்திக் கணக்கை எட்ட ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கிவைத்து ஓட்டிய காலத்துக் கதை அவருடையது. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "மாயாவிக்குக் கை போனா கவர்மென்ட்டே கூப்பிட்டு உளவு வேலை தருது. நமக்குப் போனா நாலு ஃபார்ம் தருது, நிரப்பச் சொல்லி" என்றார். கடையே சிரித்தது. அவர்தான் அதிகம் சிரித்தார்.

ஸ்பைடர் என்றாலே அவருக்குப் பிடிக்காது. அதற்குக் காரணம் அந்தப் பட்டன் கதையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் கூர்மண்டையன் ஸ்பைடரைச் சொல்கிறேன், அமெரிக்கக்காரனை அல்ல. 1965-ல் பிரிட்டிஷ் 'லயன்' இதழில் டெட் கோவன் படைத்து, ரெக் பன் வரைந்த குற்றச் சக்கரவர்த்தி. ஹெலிகாரும் வலைத் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு நியூயார்க்கைக் கொள்ளையடிக்க வந்தவன். ஹீரோ என்று நாம் வாங்கிய ஆள் ஒரு திருடன், அதில் ஒரு கிளுகிளுப்பு இருந்தது. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 1984-ல் தமிழில் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் இந்தக் கூர்மண்டையன் முக்கியமானவன். தொடக்க ஓவர்களில் அவன் ஆட்டம் பிரமாதம். பிரிட்டிஷ் இதழில் 1966 முதல் அவன் கதையை எழுத வந்தவர் யார் தெரியுமா? சூப்பர்மேனை ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து படைத்த ஜெர்ரி சீகல். அவர் கைக்கு வந்ததும் திருடன் நல்லவனானான், எதிரிகள் மாதம் ஒரு சைஸ் பெருத்தார்கள், ஸ்பைடர் ஒவ்வொரு முறையும் பையிலிருந்து ஒரு புதுக் கருவியை எடுத்தான். ஐபிஎல்லில் 2023-ல் இம்பாக்ட் பிளேயர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்களே, அது மாதிரி. விக்கெட் போனால் வெளியிலிருந்து ஒரு ஆள். டாஸ் போடுகிறவனும் அவனே, நடுவரும் அவனே என்றால் ஸ்கோர் எதற்கு?

"ஒரு பட்டனை அமுக்கி வெச்சுட்டு ஓட்டுற மாதிரி" என்றார் பெரியவர். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கீப்பருக்கு இது பிடிக்கவில்லை. ஸ்பைடரின் திமிருக்காகவே படிக்கிறேன் என்றான். திமிர் ஒரு திறமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வுக்குழு திமிருக்குத் தனி மதிப்பெண் போடுவதில்லை.

சட்டித்தலையன் ஆர்ச்சி பற்றி ஒரு நிமிடம் பேச்சு வந்தது. வாய்ச்சவடால் ரோபோ. 1952-லிருந்தே களத்தில் இருப்பவர். "தெனமும் வெல்ட் ஷாப்ல பத்து ஆர்ச்சிக்கு கிரீஸ் போடுறேன், ஒண்ணு கூடப் பேச மாட்டேங்குது" என்றான் தம்பி. அன்றைய காலையின் நல்ல பந்து அதுதான்.

விழுப்புரத்துக்காரர் ஒருவர் வெகு நேரமாகக் குழம்பியிருந்தார். அவர் ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர். அ.மா. சாமி ஆசிரியராக இருந்த அந்த இதழில் மாயாவி என்றால் முகமூடி போட்ட, குதிரை ஏறும் ஃபேன்டம். சிவகாசிக்காரர்களுக்கு அதே ஆள் வேதாளர். லீ ஃபாக் 1936-ல் படைத்தவர், சக்தி எதுவும் இல்லாதவர், 21-ஆம் தலைமுறை. "வாரிசு வேலை" என்று யாரோ முணுமுணுத்தார்கள். இரண்டு மாயாவிகளுக்கும் சேர்த்து அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார்கள் என்பது தெரிந்ததும் இன்னொரு ரவுண்டு டீ வந்தது.

தம்பி விடவில்லை. பீட்டர் பார்க்கருக்கும் வாடகைப் பிரச்சினை இருக்கிறது, அவனுக்கும் அடி விழுகிறது, அது பலவீனம் இல்லையா என்றான். நியாயமான அப்பீல். இந்த வட்டாரத்தில் ஒரு ரூமில் ஆறு பேராகத் தங்கியிருப்பவனுக்கு வாடகை தெரியும். ஆனால் பார்க்கரின் கஷ்டம் ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது. மைதானத்தில் இறங்கிவிட்டால் அவனால் ஏறமுடியாத சுவர் இல்லை. மாயாவிக்கோ மைதானத்திலேயே கரண்ட் கட்.

மாயாவியிடமும் குறை உண்டு. பிற்காலக் கதைகளில் அந்தக் கைக்குள் விரல் துப்பாக்கி, ரேடியோ என்று எதையெதையோ நுழைத்தார்கள். கடைசிப் பருவத்தில் எல்லா ஆட்டக்காரர்களும் செய்யும் தவறு அது, தன்னிடம் இல்லாத ஷாட்டை ஆடுவது. லோகேஷ் கனகராஜ் இவரைப் படமாக்குவார் என்று பல வருடமாகப் பேச்சு இருக்கிறது. எடுத்தால் அவருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: கைக்குள் எதையும் வைக்காதீர்கள், பக்கத்தில் ஒரு பிளக் வையுங்கள்.

ஒன்றரை மணிக்கு பஸ் ஹாரன் அடித்தது. மறுபதிப்பைத் தம்பி எடுத்துக்கொண்டு போனான், குறை கண்டுபிடிக்கத்தான் என்று சொல்லிவிட்டு. பெரியவர் டெக்ஸைத் தோள்பையில் போட்டுக்கொண்டார்.

என் தீர்ப்பு: மாயாவி முதல் ஆட்டக்காரர், ஆரம்பகாலக் கதைகளுக்கு மட்டும். வேதாளர் மூன்றாவதாக இறங்கி நின்று ஆடட்டும். ஆர்ச்சி ஃபீல்டிங்குக்கு. கூர்மண்டையன் பன்னிரண்டாவது ஆள், தண்ணீர் கொண்டுவரலாம். ஸ்பைடர் ரசிகர்கள் திட்டுவதென்றால் வரும் ஞாயிறு அதே கடைக்கு வரலாம். மேட்ச் எட்டு மணிக்கு, பிட்ச் காய்ந்திருந்தால்.