புலிகேசிக்கு அடுத்த பாகம்

ஒரு காமெடி உச்சிக்குப் போய்ட்டா அதுக்கு அடுத்து என்ன செய்யறது? தமிழில் இந்தக் கேள்வியோட நீண்ட நாள் மல்லுக்கட்டினவர் வடிவேலு. 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' 2006 ஜூலையில் வந்தது. அவர் தனி நாயகனா நடிச்ச முதல் படம். அதுக்கு அடுத்த பாகம் பதினேழு வருஷம் கழிச்சு வந்தது, அதுவும் எங்க சேலம் ஜில்லாக் கதையா வந்தது என்பது என் கட்சி. அந்தப் படத்தின் பேர் 'மாமன்னன்'.

முதலில் புலிகேசி ஏன் ஓடியது என்று பார்க்கணும். அதன் எலும்புக்கூடும் எங்க ஊர்ச் சரக்குதான். 1940ல் டி.ஆர்.சுந்தரம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் எடுத்த 'உத்தமபுத்திரன்'. பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். பிரிக்கப்பட்ட இரட்டையரில் ஒருவன் அரியணையில், ஒருவன் வெளியே. 1958ல் சிவாஜி அதே பேரில் நடித்த படம் இந்தக் கதையை எல்லார் மனசிலும் பதிய வைத்தது. ஆனந்த விகடனில் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்த சிம்புதேவன் கதையை அதிகம் தொடவில்லை. அரியணையில் கொடியவனை உட்கார வைக்கிற இடத்தில் ஒரு பயந்தாங்கொள்ளியை உட்கார வைத்தார், அவ்வளவுதான்.

இதில் ஒரு பெரிய சிக்கல் தானா அவிழ்ந்தது. வடிவேலு காமெடி என்பது அடி வாங்குகிற காமெடி. அடி வாங்குறவன் இரண்டரை மணி நேரம் ஹீரோவா இருக்க முடியாது. இங்கே வீரத்தை உக்கிரபுத்தன் பார்த்துக்கிட்டான். புலிகேசி நிம்மதியா நடுங்கலாம். ஓவியர் முறுக்கேறின உடம்பை வரைந்து அதன் மேல் அரசன் தலையை வைக்கிற காட்சி ஞாபகம் இருக்கா? மொத்தப் படமும் அந்த ஒரு சட்டத்துக்குள்ள அடங்கிடும். அதிகாரம் இருக்கு, அதுக்கேத்த உடம்பு இல்ல.

பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டது கிரீடத்தை மட்டும். 'இந்திரலோகத்தில் நா அழகப்பன்' (2008) மேலுலகம் வரைக்கும் போய் நகையும் பட்டும் மாட்டிவிட்டது. 2011 தேர்தல் பிரசாரத்துக்குப் பிறகு விழுந்த இடைவெளி முடிந்து வந்த 'தெனாலிராமன்' (2014) இன்னும் பெரிய தப்பு. திரும்பவும் இரட்டை வேடம், திரும்பவும் அரண்மனை. ஆனா இந்தத் தடவை அவர்தான் எல்லாரையும் விட புத்திசாலி. ஜெயிச்சுக்கிட்டே இருக்கிற வடிவேலுவைப் பார்த்து எங்கே சிரிக்கிறது? 'எலி'யைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல. அசல் இரண்டாம் பாகமான '24ஆம் புலிகேசி' 2017ல் தொடங்கித் தகராறில் நின்றது. தயாரிப்பாளர் சங்கத்தின் ரெட் கார்டு 2021 வரைக்கும் அவரை வீட்டில் உட்கார வைத்தது.

அவர் வீட்டில் இருந்த காலத்தில்தான் மீம்ஸ் அவரை விடாமல் நடிக்க வைத்தன. 2019ல் 'ஃப்ரெண்ட்ஸ்' படத்துக் காண்ட்ராக்டர் நேசமணிக்காக ட்விட்டரே பிரார்த்தனை பண்ணியது. அந்தப் படம் வந்து அப்போ பதினெட்டு வருஷம். புதுப் படம் எடுக்கிறவருக்கு இது வரமில்லை, வட்டிக்கடன். முப்பது விநாடித் துண்டா எல்லார் பையிலும் கிடக்கிற வடிவேலுவோட இரண்டரை மணி நேர வடிவேலு போட்டி போடணும். 2006லேயே வந்த 'தலைநகரம்' படத்து நாய் சேகரை இழுத்துவந்து 2022ல் ஒரு முழுப்படம் பண்ணினார்கள். தோற்றது.

2023 ஜூனில் மாரி செல்வராஜின் 'மாமன்னன்'. காசிபுரம் தனித்தொகுதி எம்.எல்.ஏ. (ராசிபுரத்தில் ஒரு எழுத்து மாறினா காசிபுரம், இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.) ராசிபுரத்தில் 2011ல் ஜெயித்து அடுத்த வருஷமே சபாநாயகரான ப.தனபாலை நினைக்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. மாமன்னன் பதவியில் இருக்கிறவர். ஆனா கட்சிப் பெரும்புள்ளி ரத்னவேலு வீட்டில் அவருக்கு நாற்காலி கிடையாது. மகன் உட்காரச் சொல்லி அழுத்தும்போது அந்த உடம்பு தயங்குதே, பாதி குனிந்து பாதி நிமிர்ந்து, அது புலிகேசியின் உடம்பேதான். அதிகாரமும் உடம்பும் பொருந்தாத அதே ஓவியம். அங்கே சிரிப்பு வந்தது, இங்கே வரல. ஏன் பொருந்தலைங்கறதுக்கு இங்கே காரணம் இருக்கு.

'மாமன்னன்' அந்தக் காரணத்துக்குச் சாதின்னு பேர் சொல்லிக் கூப்பிடுது. புலிகேசிக்கும் அது தெரியும். சாதிச் சண்டைக்குன்னே ஒரு மைதானம் கட்டித் திறந்து வைக்கிற அரசன் அவன். அதை நாம பகடியா எடுத்துக்கிட்டுச் சிரிச்சோம். அந்த மைதானத்தில் அடிபட்டவர் வீட்டுக் கதைதான் 'மாமன்னன்'. கோயில் கிணற்றில் குளித்த பையன்கள் கல்லடிபட்டுச் சாகிறார்கள். நியாயம் வாங்கித்தர முடியாத மாமன்னன் குன்றின் மேல் தனியா அழுகிறார். இத்தனை வருஷம் நம்மைச் சிரிக்க வைத்த அதே குரல்தான் அங்கே உடையுது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் பாதியில் படம் தேர்தல் கணக்குக்குள் போய்விடுகிறது, மகன் முன்னால் வந்து நிற்கிறார், அப்பா மெல்லச் சிலையாகிறார். கடைசியில் சபாநாயகர் நாற்காலி வரும்போது கேமரா கும்பிடு போடுது. எனக்கு அந்த இடத்தில் புலிகேசி வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு தடவை துண்டைச் சரிபண்ணிக்கிட்டு, இடம் கொஞ்சம் உயரமா இருக்குன்னு காலைத் தரைக்குத் தேடியிருந்தா போதும்.