கைபான் ஊரார் எங்கே போனார்கள்?

'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூன் தொடரைப் பார்த்த இளம் பிள்ளைகளிடம் ஜெட் என்ற பாத்திரத்தைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். அநேகமாக ஒரே பதில்தான் வரும். "அவன் பாவம் மாமா, கடைசியில திருந்திட்டான்தானே, அநியாயமாக் கொன்டுட்டானுகள்" என்றான் என் மருமகன். உலகம் முழுக்க அதன் ரசிகர்கள் சொல்வதும் இதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜெட்டுக்குத் தொடர் மிதமிஞ்சிய சலுகை காட்டியிருக்கிறது என்பதே என் கட்சி. அநியாயம் நடந்தது கைபான் என்ற ஊருக்கு.

கார்ட்டூனுக்கு இந்தச் சஞ்சிகையில் என்ன வேலை என்று மூத்தவர்கள் கேட்கக்கூடும். கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 2005 முதல் 2008 வரை நிக்கலோடியன் அலைவரிசையில் 61 அத்தியாயங்களாக வந்த தொடர் இது. நெருப்பு நாடு மற்ற நாடுகளைப் பிடித்து ஆள்கிறது. அதன் படையினர் தாய் தகப்பனைக் கொன்றதால் காட்டுக்குள் போய் ஆயுதம் எடுத்த பையன்தான் ஜெட். மரங்களின் மேலே வீடு கட்டிச் சிறுவர் படையொன்றை வைத்திருக்கிறான். பேச்சில் வல்லவன், அழகன். முதலாம் பாகத்தின் பத்தாவது அத்தியாயத்தில் அவன் திட்டம் வெளிப்படுகிறது. பக்கத்து ஊரான கைபானில் எதிரிச் சிப்பாய்கள் இருக்கிறார்கள். ஆகவே அணையை உடைத்து ஊரையே மூழ்கடிக்க வேண்டும். சிப்பாய்களோடு சேர்ந்து தாய்மாரும் பிள்ளைகளும் போனால் அது விடுதலைக்குக் கொடுக்கும் விலை.

அணையை உடைப்பதென்றால் என்னவென்று வன்னி ஆளுக்கு விளக்கத் தேவையில்லை. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியின் தாழ்நிலம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். அது வான்கதவு மட்டும்தான். கட்டு நின்றது.

கைபானில் அணை உடைகிறது, ஊர் அழிகிறது. ஆனால் சோக்கா முந்திப் போய் ஊராரை வெளியேற்றிவிடுகிறான். அவனை நம்பச் சொல்லிச் சிப்பாய்களிடம் பரிந்து பேசுகிறவர், முன்பு ஜெட் வழிமறித்து அடித்துப் பறித்த ஒரு கிழவர். தொடரின் மிக நல்ல இடங்களில் இது ஒன்று என்பேன். ரசிகர்களின் வாதமும் இங்கேதான் பிடி கொள்கிறது: யாரும் சாகவில்லையே!

இந்த வாக்கியம் வடபுலத்து முஸ்லிம்களுக்குப் பழகிய வாக்கியம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். "உயிரோடதானே அனுப்பினாங்க" என்று பிறகு எத்தனை பேர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்! உயிர் தப்பியவனுக்கு அடுத்த நாள் காலை விடிகிறது. கிணறு இல்லை, கடையின் கடன் கொப்பி இல்லை, காணி உறுதி இல்லை, பிள்ளை படித்த பள்ளிக்கூடம் இல்லை. முள்ளியவளையிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்தவர்கள் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் இருந்துகொண்டு அந்த 'யாரும் சாகவில்லை'யை இருபது வருடம் வாழ்ந்தார்கள். 2009க்குப் பிறகு திரும்பியபோது ஒரு குடும்பம் நான்கு குடும்பமாகியிருந்தது, காணியோ அந்த ஒன்றேதான். ஒப்புமையை அளவுக்கு மிஞ்சி இழுக்க விரும்பவில்லை. ஜெட் ஒரு பையன், கதைப் பாத்திரம். ஆனால் ஊர் தப்பியதும் கணக்கு முடிந்தது என்ற எண்ணம் கதையிலும் ஒன்றுதான், வெளியிலும் ஒன்றுதான்.

இரண்டாம் பாகத்தில் ஜெட் அகதிகளோடு கப்பலேறி பா சிங் சே நகரத்துக்குப் போகிறான். பெருமைப்பட முடியாத சில காரியங்கள் செய்திருப்பதாகவும் புது வாழ்வு தேடிப் போவதாகவும் சூகோவிடம் சொல்கிறான். 'சில காரியங்கள்!' ஊரின் பெயர் வாயில் வரவில்லை. பிறகு தேநீர்க்கடையில் வேலை செய்யும் சூகோவையும் மாமா ஐரோவையும் நெருப்பு நாட்டவர் என்று சந்தேகித்துத் துரத்துகிறான். கதாசிரியர்கள் செய்த பெரிய பிழை இதுதான். அவன் சந்தேகத்தை அவர்கள் உண்மையாக்கிவிட்டார்கள். 'ஜெட் சொன்னது சரிதானே' என்று ரசிகர்கள் கொண்டாட அதுவே காரணம். கைபானில் கிழவரை எதிரி என்று அடித்த அதே கண், இங்கே கூர்மையான கண்ணாகிவிடுகிறது. 'உளவு சொல்கிறவர்கள்' என்ற பட்டத்தைச் சுமந்து ஊரை விட்டுப் போனவர்கள் இந்த இடத்தில் கைதட்ட மாட்டார்கள்.

அதன்பின் டாய் லீ பொலிஸ் அவனைப் பிடித்து மூளைச்சலவை செய்கிறது. இத்தோடு அவன் குற்றவாளி என்ற நிலை போய், பாதிக்கப்பட்டவன் என்ற நிலை வந்துவிடுகிறது. லாவோகாய் ஏரியின் கீழே அடிபட்டுக் கிடக்கையில் மன்னிப்புக் கேட்கிறான். யாரிடம்? ஆங்கிடம். தன்னோடு சண்டை பிடித்த நண்பனிடம்.

தௌபா என்றால் அழுதுவிட்டால் போதும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஹக்குல் இபாத், மனிதருக்கு மனிதர் உள்ள கடன், உரியவரிடமே போய்த் தீர்க்க வேண்டியது. மருமகனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சூகோ மட்டும்?" என்று மடக்கினான். நல்ல கேள்வி. சூகோ கியோஷித் தீவின் ஊரை எரித்தவன். மூன்றாம் பாகத்தில் சிறைக்குள் சூக்கி அவனை மடக்கிப் பிடித்து, ஊரை எரித்ததை முகத்துக்கு நேரே நினைவூட்டுகிறாள். அவன் அசடு வழிய ஒரு மன்னிப்புச் சொல்கிறான். நகைச்சுவைக்காக வைத்த காட்சிதான், மிகவும் அற்பமான மன்னிப்புத்தான். என்றாலும் ஊரை இழந்தவள் அங்கே நிற்கிறாள், பேசுகிறாள்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. அந்த வார்த்தை வர பன்னிரண்டு வருடம் எடுத்தது. ஆனால் அது போய்ச் சேரவேண்டியவர்கள் அன்றும் புத்தளத்து முகாம்களில்தான் இருந்தார்கள். வெளியேற்றம் பற்றிய பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையின் ஆங்கிலத் தலைப்பில் 'ரிடெம்ப்ஷன்' என்ற சொல் இருக்கிறது. ஜெட்டின் கதையைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் ஓயாமல் சொல்வதும் அதே சொல். அறிக்கையில் மீட்பைத் தேடி நிற்பவர்கள் துரத்தப்பட்டவர்கள். ரசிகர் பேச்சில் துரத்தியவன்.

கைபான் ஊரார் அதன்பின் தொடரில் ஓர் இடத்திலும் வரவில்லை. மூன்றாம் பாகத்தின் பதினேழாவது அத்தியாயத்தில், நாயகர்களின் கதையை நெருப்பு நாட்டு நாடகக் குழுவொன்று கேலியாக நடித்துக் காட்டுகிறது. அதில் அழுகிற கதாராவைத் தேற்ற, அந்தப் பொல்லாத ஊரைத் துடைத்துவிடுவதாக ஜெட் வீரம் பேசுவான். கைபானின் நினைவு அவ்வளவுதான், காதல் பேச்சில் ஒரு வரி. பிறகு ஜெட்டின் தலையில் பாறை விழுகிறது. அவன் செத்தானா இல்லையா என்று சூகோ சோக்காவிடம் கேட்கிறான். அந்தக் கேள்வியைத்தான் ரசிகர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.