கணக்கு முடியும் இடத்தில் கோலம்

ஆறாம் வகுப்புக் கணக்கில் மீப்பெரு பொதுக் காரணி வரும். பிள்ளைகள் காரணிகளை வரிசையாக எழுதி, பொதுவானவற்றை வட்டமிட்டு, பெரியதை விடையாகச் சொல்வார்கள். அதையே கம்பிக் கோலத்திலும் பார்க்கலாம். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் கம்பி ஒன்றையொன்று வெட்டிப் போகும்படியும், ஓரத்தில் வளைந்து திரும்பும்படியும் இழுத்தால், தொடங்கிய இடத்துக்கே ஒரே இழையாக வந்து சேரும். 4 வரிசையில் ஆறாறு புள்ளி வைத்தால் இரண்டு இழை. 6 வரிசையில் ஒன்பது ஒன்பது வைத்தால் மூன்று. இழைகளின் எண்ணிக்கை எப்போதும் அந்த இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான்.

ஓவியத்தைப் பிற பாடங்களோடு இணைத்துக் கற்பிப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது. இங்கே கோலத்தை எடுத்துவிட்டால் பாடமே இல்லை. வரைகிற கைதான் கண்டுபிடிக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தவர்களும் 1970-களில் கோலத்தைக் கணினியியலின் இலக்கண ஆய்வுக்கே கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடம் அந்தத் தூரம் போக வேண்டாம். பத்துப் புள்ளி போதும்.

ஆனால் 'கலை ஒருங்கிணைந்த கற்றல்' என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது வேறு. சி.பி.எஸ்.இ. 2019-இல் இதை எல்லாப் பாடங்களுக்கும் உரியதாக்கியது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் இதைச் சொல்கிறது. நோக்கத்தில் எனக்குப் பிணக்கில்லை. வீட்டுக்கு வந்து சேரும்போது அது ஒரு சார்ட் பேப்பராகிவிடுகிறது. ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய படத்தை ஒட்டி, சுற்றிலும் பூ பார்டர் போட்டு, தலைப்புக்கு மினுமினுப்பு தூவி, இரவு பதினொரு மணிக்கு அம்மா முடித்துக் கொடுக்கிறார். நீர்ச் சுழற்சியைப் பற்றிய அந்தச் சார்ட்டில் பார்டரைக் கத்தரித்து எறிந்தாலும் நீர்ச் சுழற்சிக்கு ஒன்றும் குறையாது. ஓவியம் அங்கே வேலை செய்யவில்லை, உடுத்திக்கொண்டு நிற்கிறது.

எதிர்ப்பக்கத்துக் கேள்வியையும் கேட்டாக வேண்டும். கணக்கு புரிந்தது சரி, பிள்ளைக்குக் கோடு இழுக்க வந்ததா? இணைப்புப் பாடங்களை மதிப்பிடுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் போட்ட கோலம் கணக்குக்குப் போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு ஒரே கனத்தில் விழுவதும், வளைவு உடையாமல் திரும்புவதும் தனிப் பயிற்சி. அதற்கென்று நேரம் ஒதுக்காத வகுப்பு, கோலத்தை வேலைக்கு வைத்துக்கொண்டு கூலி தராமல் அனுப்பிவிடுகிறது.

அறிவியல் வகுப்பில் இந்த இழுபறி இன்னும் துலக்கமாகத் தெரியும். செம்பருத்தியைப் புத்தகப் படத்தைப் பார்த்து வரைகிற பிள்ளை புத்தகத்தைத்தான் வரைகிறது. பூவையே மேசையில் வைத்தால், மகரந்தத் தாள்கள் ஒன்றாய் இணைந்து சூல்தண்டைக் குழாய்போல் போர்த்தியிருப்பதும், நுனியில் சூல்முடி ஐந்தாகப் பிரிவதும் கண்ணில் படும். அறிவியல் ஆசிரியர் நிழல் வேண்டாம், தெளிவான கோடும் பாகங்களின் பெயரும் போதும் என்பார். ஓவிய ஆசிரியருக்கு நிழல் இல்லாமல் இதழின் மடிப்பு இல்லை. இருவரும் சொல்வது சரி. ஒரே பூவை இரண்டு விதமாக வரையவைத்து, எதில் எது தெரிகிறது, எது மறைகிறது என்று பேசவைத்தால் அந்த ஒரு மணி நேரம் வீணாகாது.

அதற்கு இரண்டு ஆசிரியர்களும் ஒரே அறையில் இருக்க வேண்டுமே! தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். அமர்த்தப்பட்டபோது வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. அந்தப் பகுதிநேரத்தில் கணக்கு ஆசிரியரோடு உட்கார்ந்து பாடம் திட்டமிட எந்த நேரம் இருக்கிறது? சேர்ந்து திட்டமிடும் அந்த ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையில் எழுதாமல், இணைப்பு சரியில்லை என்று ஆசிரியரைக் குறை சொல்வது அநியாயம்.

கோலத்துக்கே திரும்புகிறேன். 4 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி. கணக்குப்படி நான்கு இழை. வாசலில் கோலம் போட்டுப் பழகியவர்கள், இழைகள் வெட்டும் இடத்தில் வெட்டாமல் வளைத்துத் திருப்பி, இரண்டு இழையை ஒன்றாக்கிவிடுவார்கள். நான்கையும் ஒன்றாக்கக் குறைந்தது 3 இடத்தில் அப்படித் திருப்ப வேண்டும். இதுவரை கணக்கு கூடவே வருகிறது. ஆனால் நான்கு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற கோலத்தில் 3 திருப்பங்களை நான்கு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிட முடியாது. ஒற்றை இழை வேண்டுமா, நாற்புறச் சமச்சீர் வேண்டுமா, சமச்சீர் குலைந்தாலும் பார்க்க நன்றாயிருக்க அந்த மூன்றை எங்கே வைப்பது? இதற்குக் கணக்கு ஆசிரியரிடம் பதில் இல்லை. அழித்து அழித்துப் போட்டுப் பார்க்கிற பிள்ளையின் பக்கத்தில் அப்போது ஓவிய ஆசிரியர் நிற்க வேண்டும். அன்று அவர் பள்ளிக்கு வரும் நாளாக இருந்தால் நிற்பார்.