காக்காவின் வாயில் வடை

குழந்தைகளுக்குக் கதாபாத்திரம், களம், பின்னல் மூன்றையும் புரியவைக்க நம்மிடம் இருப்பதிலேயே நல்ல கருவி காக்கா வடை கதைதான் என்பது என் கட்சி. இதைவிட ஆழமான கதைகள் எத்தனையோ உண்டு. ஆனால் இத்தனை சிறிய இடத்துக்குள் இவ்வளவு இறுக்கமாகக் கட்டிய கதை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஒரு பாட்டி, ஒரு காக்கா, ஒரு நரி, ஒரு மரம், ஒரு வடை. இதில் எதை உருவினாலும் மொத்தமும் சரிந்துவிடும்.

உருவித்தான் பார்ப்போமே. காக்கா இருந்த கிளையில் கிளியை உட்கார வையுங்கள். கிளி தீனியைக் காலில் பிடித்துக் கொறிக்கிற பறவை. நரியின் புகழ்ச்சியில் மயங்கி அது கச்சேரியே செய்தாலும் வடை விழாது. நரியை எடுத்துவிட்டுப் பூனையைக் கொண்டுவாருங்கள். பூனைக்கு மரமேறத் தெரியும், அதற்கு எதற்கு முகஸ்துதி? நரிக்கு ஏறத் தெரியாததால்தான் அது பேசுகிறது. அதன் தந்திரம் முழுவதும் அந்த ஒரு இயலாமையிலிருந்து பிறந்தது. வடையைப் பாயசமாக்கினால் கதை தொடங்கவே தொடங்காது.

பாத்திரத்தின் இயல்பிலிருந்துதான் நிகழ்ச்சி முளைக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் மூன்றாம் வகுப்புக்கு ஒன்றும் விளங்காது. 'பூனைன்னா ஏறிடுமே!' என்று அதே வகுப்புப் பிள்ளை கத்துகிறபோது அதற்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. பாடப்புத்தகங்களோ கதை முடிந்ததும் 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்று கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. ஒரு நல்ல இயந்திரத்தைக் கையில் கொடுத்து, அதன் விலையை மட்டும் எழுதி வாங்கிக்கொள்கிற வேலை இது.

களம் என்ன செய்கிறது என்பதற்கும் இந்தக் கதையின் பயணமே சாட்சி. ஈசாப்பின் பெயரில் வழங்கும் கிரேக்க வடிவத்தில் காக்கையின் வாயில் இருந்தது இறைச்சித் துண்டு. ரோமானியக் கவிஞர் பீட்ரஸ் அதைப் பாலாடைக் கட்டியாக்கி, ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து திருடவைத்தார். 1668இல் லா ஃபொன்தேன் பிரெஞ்சில் பாடியபோதும் பாலாடைக் கட்டிதான். நம் பக்கம் வந்ததும் அது வடையானது. வடை என்றால் அடுப்பு வேண்டும், எண்ணெய்ச் சட்டி வேண்டும், சுட்டு விற்க ஓர் ஆள் வேண்டும். அப்படி வந்து உட்கார்ந்தவள்தான் பாட்டி. ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு மனுஷி. பண்டம் மாறியதும் இடம் மாறியது, இடம் மாறியதும் ஒரு பாத்திரம் கூடியது. இதைவிட நேரடியான பாடம் வேறென்ன வேண்டும்?

இந்தியாவுக்கு இன்னொரு பழைய வடிவம் உண்டு. புத்த ஜாதகக் கதைகளில் 294ஆவது கதையில் காகம் நாவல் மரத்தில் பழம் தின்கிறது, கீழே நரி அதைப் புகழ்கிறது. குளிர்ந்துபோன காகம் பதிலுக்கு நரியைப் புகழ்ந்து கிளையை உலுக்கிப் பழம் உதிர்க்கிறது. இந்தப் பொய்யர்களைச் சகிக்காத மரத்துத் தேவதை இருவரையும் விரட்டுகிறது. அடுத்த 295ஆவது கதையில் எல்லாம் தலைகீழ். செத்த மாட்டை நரி தின்ன, ஆமணக்குச் செடியில் உட்கார்ந்து காகம் அதைப் புகழ்கிறது. ஒரு கதையைக் கவிழ்த்துப்போட்டு இன்னொரு கதை செய்வதை யாரோ அத்தனை காலத்துக்கு முன்பே விளையாடிப் பார்த்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த இரண்டாம் வடிவமும் அப்படி ஒரு விளையாட்டுதான். நரி பாடச் சொல்கிறது, காக்கா வடையைக் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு பாடுகிறது, நரி வாயைப் பிளந்து நிற்கிறது. உண்மையில் காக்கா தீனியைக் காலால் அழுத்திப் பிடித்துக் கொத்தித் தின்கிற பறவைதான். அந்த வகையில் ஈசாப்பைவிட நம் இரண்டாம் வடிவம் காக்காவை நன்றாகக் கவனித்திருக்கிறது!

இத்தாலியில் குழந்தைகளுக்கான எழுத்தாளர் ஜியான்னி ரொதாரி இந்த விளையாட்டை ஒரு கலையாகவே வளர்த்தார். 1962இல் வந்த அவருடைய தொலைபேசிக் கதைகளின் தொகுப்பில் ஒரு தாத்தா வருகிறார். பேத்திக்குச் சிவப்புத் தொப்பிக்காரியின் கதையைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, தொப்பியின் நிறத்தை மாற்றுகிறார், ஓநாய்க்குப் பதில் ஒட்டகச்சிவிங்கியைக் கொண்டுவருகிறார். ஒவ்வொரு தப்புக்கும் பேத்தி அவரைத் திருத்துகிறாள். திருத்தத் திருத்த, கதையை நடத்திப்போவது அவளாகிவிடுகிறது. 1973இல் ஆசிரியர்களுக்காக எழுதிய 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூலில் ரொதாரி இதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறார். பிள்ளைகள் கதை விஷயத்தில் பழமைவாதிகள். முதலில் ஒரு சொல் மாறாமல் திரும்பத் திரும்பக் கேட்கத்தான் விரும்புவார்கள். அந்தப் பசி தீர்ந்த பிறகே தப்பு இனிக்கும். அவசரப்பட்டால் அழுகைதான் மிஞ்சும்.

அந்த நேரம் வந்துவிட்டதா என்று அறிய நம்மிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கேட்கிற பிள்ளை 'ம்' கொட்ட வேண்டும். அந்த 'ம்' எந்திரம்போல விழத் தொடங்கினால் கதை கரைந்துவிட்டது, இனித் தப்பாகச் சொல்லலாம். சொல்லும்போது சிரிக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு தப்புதான். 'பாட்டி முறுக்கு சுட்டா' என்று தொடங்கலாம். அது சேதமில்லாத தப்பு, முறுக்கையும் காக்கா கவ்வும். அந்தத் தப்பு கதையைக் கெடுக்கவில்லை என்பதைப் பிள்ளை கண்டுகொள்வதும் ஒரு படிப்புதான். ஆளை மாற்றுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பாட்டி விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வடை பறிபோனதும் அவள் கதையைவிட்டே காணாமல் போகிறாள். 'பாட்டி என்ன பண்ணா?' என்று கேட்கிற பிள்ளை, பின்னலில் விட்டுப்போன ஓர் இழையைப் பிடித்துவிட்டது. 'தூங்கு' என்று அதட்டாமல் அதனிடமே பதில் கேட்க வேண்டும்.

கடைசியாக இடத்தை மாற்றுங்கள், அதுதான் கடினம். நடுக்கடல். படகின் பாய்மரத்து உச்சியில் காக்கா, வாயில் வடை. சுற்றிலும் தண்ணீர், நரிக்கு வழியில்லை. வடை விழுந்தால் யாருக்கு லாபம் என்று கேட்டால் மீன் என்பார்கள், உடனே ஒருவன் அதைச் சுறாவாக்குவான். 'சுறா தண்ணிக்குள்ளேருந்து பேசினா காக்காவுக்குக் கேக்குமா?' என்பாள் இன்னொருத்தி. கேட்கும், அது தலையை வெளியே நீட்டும் என்பான் அவன். நீட்டினால் படகில் இருக்கிற மீனவர் பிடித்துவிடுவாரே என்பாள். அந்த மீனவருக்குத்தான் பாட்டி வடை கட்டிக் கொடுத்திருந்தாள் என்று மூலையிலிருந்து மூன்றாவது குரல் வரும்.