அரை நொடியும் ஒரு கிளட்ச் பெடலும்

போர்ஷ் 911 ஜிடி3. 2017-இல் வந்த மாடல். 4 லிட்டர் எஞ்சின், 500 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9000 சுற்று வரை போகும். இதை வாங்கப் போனவர்களிடம் நிறுவனம் ஒரே ஒரு பெரிய கேள்விதான் கேட்டது: ஆறு கியர் மேனுவலா, இல்லை ஏழு கியர் பிடிகே ஆட்டோமேட்டிக்கா?

நிறுவனம் கொடுத்த கணக்கு இது. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட பிடிகேவுக்கு 3.4 நொடி, மேனுவலுக்கு 3.9 நொடி. உச்ச வேகம் பிடிகேவில் 318 கி.மீ., மேனுவலில் 320. எடையில் மேனுவல் 17 கிலோ குறைவு. ஆக வித்தியாசம் என்று சொல்லத்தக்கது அந்த அரை நொடிதான்.

இந்த அரை நொடியை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க கார் பிரியர்கள் பல வருஷமாக சண்டை போடுகிறார்கள். இரண்டு கட்சியின் வாதங்களையும் படித்துப் பார்த்தால், இரண்டுமே பாதி தூரம்தான் போகின்றன. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்த அரை நொடி எங்கிருந்து வருகிறது?

மேனுவலில் ஒரே கிளட்ச். கியர் மாற்ற அதை மிதித்ததும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. நீங்கள் லீவரை நகர்த்தி, கிளட்சை விடும்வரை கார் வெறுமனே உருண்டுகொண்டிருக்கும். பிடிகே மாதிரியான டபுள் கிளட்ச் பெட்டியில் இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொன்று இரட்டைப்படை கியர்களுக்கு. நீங்கள் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்காவது கியர் தயாராகக் கோத்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். இடையில் இழுவை அறுபடுவதே இல்லை. மனிதக் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதை ஜெயிக்க முடியாது.

இது போர்ஷுக்கு ஒன்றும் புதிதில்லை. 1980களிலேயே 956, 962 பந்தயக் கார்களில் இதைப் போட்டு சோதித்தார்கள். சாலைக் காராக விற்பனைக்கு வந்ததில் முந்திக்கொண்டது ஃபோக்ஸ்வேகன், 2003-இல் கோல்ஃப் ஆர்32-வில். 911-க்குள் பிடிகே வந்தது 2008-இல். பந்தயத்தில் லீவருக்கு முதல் அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1989 பிரேசில் கிராண்ட் பிரீயில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் துடுப்பு வைத்த ஃபெராரி 640-ஐ ஓட்டி நைஜல் மான்செல் ஜெயித்தார். அதை வடிவமைத்த ஜான் பர்னார்டின் நோக்கங்களில் ஒன்று, கியர் லீவரை எடுத்துவிட்டால் ஓட்டுநர் உட்காரும் பகுதியை ஒடுக்கலாம் என்பது. ஓட்டுநரின் சுகமோ சந்தோஷமோ அந்தக் கணக்கிலேயே இல்லை. பந்தயத்துக்கு அது நியாயம். கடிகாரம்தான் அங்கே நீதிபதி.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அதே நீதிபதியைச் சாலைக் காருக்கும் கொண்டுவந்து உட்கார வைத்ததில்தான். 2013-இல் வந்த ஜிடி3-இல் மேனுவலே கிடையாது, பிடிகே மட்டும்தான். வேகமான பெட்டி இருக்கும்போது மெதுவானது எதுக்கு என்பது தர்க்கம். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 2016-இல் 911 ஆர் என்று ஒரு கார் வந்தது: மேனுவல் மட்டும், மொத்தம் 991 கார்கள். ஜெர்மனியில் விலை சுமார் 1.9 லட்சம் யூரோ. விற்றுத் தீர்ந்ததும் மறுவிற்பனையில் அதைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். அடுத்த வருஷமே ஜிடி3-க்கும் மேனுவல் திரும்பி வந்துவிட்டது.

இதை மேனுவல் கட்சி "கடிகாரத்தின் மீது மனிதனின் வெற்றி" என்று கொண்டாடுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை "தூய்மை". ஆனால் அந்த 911 ஆர் காரிலேயே ஸ்டியரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். பின்சக்கரங்களும் கணினி சொல்படி திரும்பும். போதாததற்கு, கியரைக் குறைக்கும்போது எஞ்சின் சுற்றை உங்களுக்காகத் தானே ஏற்றிக் கொடுக்கும் வசதிக்கு ஒரு பொத்தான் வேறு. குதிகாலும் முன்பாதமுமாக பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே சமயத்தில் மிதிக்கும் அந்தப் பழைய வித்தையை அந்தப் பொத்தான் பார்த்துக்கொள்ளும். இத்தனையையும் ஏற்றுக்கொண்டுவிட்டு, கியரில் மட்டும் தூய்மை பேசுவது மடியாக இருந்துகொண்டு ஓட்டலில் சாப்பிடுகிற கதைதான்.

இரண்டாவது வார்த்தை இன்னும் மோசம்: "நிஜமான ஓட்டுநர்". மூன்று பெடல் மிதிக்காதவன் ஓட்டுநரே இல்லையாம். அலெக்ஸ் சனார்டி 2001-இல் ஜெர்மனியின் லவுசிட்ஸ் தடத்தில் நடந்த விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். கையால் இயக்கும் ஆக்ஸிலரேட்டர் பொருத்திய பிஎம்டபிள்யூவில் திரும்பி வந்து, 2005-இல் ஓஷர்ஸ்லேபனில் உலக டூரிங் கார் பந்தயம் ஒன்றை ஜெயித்தார். திறமை எந்த உறுப்பில் இருக்கிறது என்று இவர்கள் அவரிடம் பாடம் எடுப்பார்களா?

சரி, அப்போ மேனுவலுக்கு ஆதரவாக எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதை யாரும் சரியாகச் சொல்வதில்லை.

மேனுவலில் நீங்கள் தப்பு செய்யலாம். அவ்வளவுதான் விஷயம். கிளட்சை அவசரமாக விட்டால் சிக்னலில் கார் அணைந்து நிற்கும். மூன்றிலிருந்து நான்குக்குப் போகிற வேகத்தில் கை தவறி இரண்டில் விழுந்தால், எஞ்சின் தாங்க முடியாத சுற்றுக்குப் போய் உடைந்தே போகலாம். பிடிகேவில் இதெல்லாம் நடக்காது. நீங்கள் துடுப்பை இழுத்தாலும், அந்தக் கியர் எஞ்சினுக்கு ஆகாது என்றால் கணினி உங்கள் கட்டளையை மதிக்காது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் தப்பு செய்யவே முடியாத இடத்தில், சரியாகச் செய்ததற்கு என்ன மதிப்பு?

"அதான் துடுப்பு இருக்கே, நாமே மாத்திக்கலாமே" என்பார்கள். மாற்றலாம். ஆனால் தானியங்கி முறையில் கணினி அதையே நம்மைவிட நன்றாகச் செய்யும்போது, துடுப்பில் கை வைக்க ஒரு காரணம் வேண்டும். முதல் மாதம் ஆர்வமாக இழுப்போம். அப்புறம் லீவரை டி-யில் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். பலன் இல்லாத சுதந்திரத்தை யாரும் ரொம்ப நாள் பயன்படுத்துவதில்லை. மேனுவலில் அந்த வேலையை நீங்கள் செய்தே ஆகவேண்டும். அந்தக் கட்டாயத்தில்தான் கவனம் பிறக்கிறது.

இந்த வாதத்துக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இரண்டு கட்சியும் அதிகம் பேசாதது அதுதான்: கியர் விகிதம்.

கேமன் ஜிடி4 காரை எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவல் பிரியர்களின் செல்லப்பிள்ளை. அதன் இரண்டாவது கியர் 130 கி.மீ. வேகத்துக்கும் மேல் போகும். ஜெர்மனியில் ஊருக்கு வெளியே சாதாரண சாலையில் வேக வரம்பு 100 கி.மீ. அதாவது, இரண்டாவது கியரில் எஞ்சினைக் கடைசிவரை பாடவிட ஆசைப்பட்டால் லைசென்ஸுக்கு ஆபத்து. மூன்றாவது கியருக்கு அங்கே வேலையே இல்லை. அருமையான லீவர், கையில் கச்சிதமாக விழுகிறது, ஆனால் மாற்ற வாய்ப்பு எங்கே? 2019-இல் வந்த 718 ஜிடி4-க்குப் பின்னர் பிடிகே கொடுத்தபோது அதன் கியர்களை நெருக்கமாக அமைத்தார்கள். ஆக, அந்தக் காரில் பிடிகே எடுத்தவர் கியர் மாற்றுகிற சந்தோஷத்தை மேனுவல்காரரைவிட அதிகமாக அனுபவிக்க முடியும்! விளம்பரப் படத்தில் பளபளக்கும் லீவரைவிட, தொழில்நுட்பப் பட்டியலின் மூலையில் கிடக்கும் அந்த விகிதங்கள்தான் காரின் குணத்தைத் தீர்மானிக்கின்றன.

போர்ஷுக்கே இது புரிந்திருக்கிறது. 2023-இல் வந்த 911 எஸ்/டி-யில் மேனுவல் மட்டும்தான், கியர்களும் குறுகலானவை, ஃப்ளைவீலும் கிளட்சும் இலேசானவை. கடிகாரத்தை மறந்துவிட்டுச் சாலைக்காகவே செய்த கார். ஆனால் மொத்தம் 1963 கார்கள்தான். 911 பிறந்த வருஷத்தின் எண்ணிக்கையாம்.

எனக்கு உண்மையான கவலை இங்கேதான். மேனுவல் மெல்ல மெல்ல எண்ணிக்கை குறிக்கப்பட்ட சேகரிப்புப் பொருளாகிறது. வாங்குகிறவர்களில் ஒரு கூட்டம் அதை ஓட்டுவதே இல்லை. விலை ஏறட்டும் என்று துணி போட்டு மூடி வைக்கிறது. மேனுவல் வேண்டும் என்பதற்கு இருந்த ஒரே நல்ல காரணம், கையும் காலும் காரோடு வேலை செய்வது. அதுவே நடக்காத கொட்டகையில் நிற்கிற மேனுவல் காரைவிட, தினமும் வெயிலிலும் மழையிலும் ஓடுகிற பிடிகே கார் ஆயிரம் மடங்கு மேல். மறுவிற்பனை விலையை வைத்து மேனுவலைத் தேர்ந்தெடுங்கள் என்று யோசனை சொல்கிறவர்கள், அதைக் காப்பாற்றவில்லை, அருங்காட்சியகத்துக்கு அனுப்புகிறார்கள்.

ஆக, எதை எடுப்பது? மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, கார் பெரும்பாலும் எங்கே ஓடும்? பந்தயத் தடத்தில் நேரத்தோடு மோத வேண்டும் என்றால் பிடிகே, விவாதமே தேவையில்லை. நகர டிராபிக்கில் கிளட்ச் மிதித்தே இடது கால் மரத்துப்போகும் வாழ்க்கை என்றாலும் அதேதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு, இரண்டாவது, மூன்றாவது கியர் எந்த வேகம்வரை போகின்றன? ஓட்டிப் பார்க்கும் முன்பே பட்டியலைப் பாருங்கள். நீட்டமான கியர் என்றால் மேனுவலின் பாதி நியாயம் போயாச்சு.

மூன்று, தப்பு செய்து கற்றுக்கொள்வது உங்களுக்குப் பிடிக்குமா, இல்லை எரிச்சலா? பிடிக்கும் என்றால் அந்த அரை நொடியைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். சாலையில் அதை எண்ண யாரும் கடிகாரத்தோடு நிற்கவில்லை.