ஜீரோ மறைக்கும் குறைகள்

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் தொடங்கப்பட்டது. அங்கே தயாராகும் ‘வித்வன்சக்’ என்ற கனரகத் துப்பாக்கியை 12.7, 14.5, 20 மில்லிமீட்டர் என மூன்று அளவுத் தோட்டாக்களுக்கும் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். குழல், போல்ட், மேகசின் மூன்றையும் மாற்றும்போது ஸ்கோப்பையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். ஒரே ஸ்கோப்பை வைத்துக்கொண்டு, குறியைத் திருத்தும் குமிழான டரெட்டைத் திருகிச் சமாளித்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அந்த வடிவமைப்பு அப்படிச் சமாளிப்பதை ஏற்கவில்லை. இன்ன குழல், இன்ன தோட்டா என்றால் அதற்கு இன்ன ஸ்கோப் என்று முடித்துவிட்டது.

ஏர் ரைஃபிள் வாங்கி அதன்மேல் ஸ்கோப் மாட்டுகிறவர்களின் வழக்கம் இதற்கு நேர் எதிர். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை என்பதால் இவர்கள் எண்ணிக்கை கூடிவருகிறது. ரிங்குக்குள் ஸ்கோப்பை வைத்து, திருகாணியைக் கைக்கு வந்த மட்டும் இறுக்கி, அட்டையைப் பார்த்து ஒன்று சுடுவார்கள். வலப்பக்கம் பட்டால் இடப்பக்கமாக நாலு கிளிக். மறுபடி ஒன்று. நடுவில் பட்டதும் ‘ஜீரோ ஆயிடுச்சு’ என்று பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

இந்த முறையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் கொஞ்சம் கோணலாக இருக்கலாம், ரெயிலும் குழலும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் போகலாம், சுடுபவர் கன்னம் வைக்கும் விதமே தனியாக இருக்கலாம். சுட்டுப் பார்த்துத் திருத்தும்போது இத்தனையும் ஒரே கணக்கில் நேராகிவிடுகின்றன. குழலுக்குள் செருகும் லேசர் கருவி முதல் குண்டை அட்டைக்குள் விழவைக்க உதவும். ஆனால் உதைப்பும் குண்டின் பாதையும் சுட்டால்தான் தெரியும்.

திருத்தத்தின் நுட்பமும் வியப்பானது. கிளிக்குக்கு 0.1 மில் கோணம் நகரும் ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். மலைக்கோட்டை உச்சிக்கும் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். உச்சியில் ஒரு தொலைநோக்கியை வைத்து அதன் குறுக்குக் கம்பியை அதே அளவு நகர்த்தினால், 72 மீட்டர் உயரக் கோபுரத்தில் அது நகர்வது முப்பது சென்டிமீட்டர்தான்.

எல்லாப் பிசகையும் ஒன்றாக நேர்செய்யும் இந்தத் திறமைதான் குறைகளை மறைத்தும்விடுகிறது. ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள் முன்னும் பின்னுமாக இருமுறை உதைக்கும். 11 மில்லிமீட்டர் டவ்டெயில் ரெயிலில் தடுப்பு முள் இல்லாத மவுண்ட் என்றால், ஒவ்வொரு உதைக்கும் மயிரிழை மயிரிழையாக நழுவும். குண்டு விலகும். உடையவர் நான்கு கிளிக் திருகுவார், அடுத்த வாரம் இன்னும் நான்கு. கடைசியில் டரெட் எல்லையைத் தொடும்போது பழி லென்ஸின்மேல் விழும். ஏகே வகைத் துப்பாக்கிகளிலும் இதே கதைதான். கழற்றி மாட்டும் மேல்மூடித் தகட்டின்மேல் ஸ்கோப்பை வைத்தால், எத்தனை கவனமாக ஜீரோ செய்தாலும் மூடி அசையும்போது அதுவும் அசையும். பக்கவாட்டு ரெயில் உடம்போடு பிணைந்திருப்பதால் நிற்கிறது.

ஒரு குண்டுக்கு ஒரு திருத்தம் என்பது இன்னொரு கோளாறு. 100 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள் சிதறும் துப்பாக்கியில், இரண்டு சென்டிமீட்டர் தள்ளி விழுந்த ஒற்றைக் குண்டு எதையும் சொல்வதில்லை. அதைத் துரத்திக்கொண்டு திருகுவது நல்ல ஜீரோவையும் கெடுக்கும். குறைந்தது ஐந்து குண்டாவது சுட்டு, கூட்டத்தின் நடுவைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ஸ்கோப் சாய்ந்திருப்பது பத்து மீட்டரில் தெரியவே தெரியாது. தூரம் கூடக் கூடத் தெரியும்: அதனால் துப்பாக்கி ஐந்து பாகை சாய்ந்தால், குண்டு கீழே விழும் அளவில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடும்.

குறையை மறைக்காமல் நேர்செய்ததற்குப் பக்கத்திலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1808-இல் நில அளவையாளர் லாம்டனின், கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றப்படும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது. அதன் பெரிய வட்டத் தகடு நெளிந்துபோனது. பிழை எவ்வளவு என்று குறித்துவைத்து ஒவ்வொரு அளவிலும் கழித்துக்கொள்ளும் வழியை அவர் நாடவில்லை. சுமார் ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அந்த வட்டத்தையே பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நம் ஸ்கோப்காரர்கள் தவிர்ப்பது இந்த வேலையைத்தான்.

திருச்சி கே.கே.நகர் ரைஃபிள் கிளப்பில் 2022 ஜூலையில் 47-ஆவது மாநிலப் போட்டி நடந்தது.  இத்தகைய போட்டிகளுக்கான சர்வதேச விதிகளின்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் பிஸ்டலிலும் ஸ்கோப்புக்கு இடமில்லை. ஆனால் ஸ்கோப் வைத்திருப்பவர்கள் கற்க வேண்டிய பாடம் அந்த விதிகளிலேயே இருக்கிறது. 10 மீட்டர் போட்டியில் புள்ளிக் கணக்குத் தொடங்கும் முன் தயாரிப்புக்கும் குறிபார்த்துச் சுடுவதற்குமாக 15 நிமிடம் தரப்படுகிறது. நேற்றைய ஜீரோ இன்றைக்கும் செல்லும் என்று விதி எழுதியவர்கள் நம்பவில்லை. தோட்டாத் துப்பாக்கி என்றால் வெயிலும் கணக்கில் வரும்: சூட்டில் மருந்து வேகமாக எரிவதால், மார்கழியில் வைத்த ஜீரோ திருச்சியின் சித்திரை மதியத்தில் சற்று மேலே அடிக்கும்.

ஆகவே ஜீரோ செய்யும் முறையில் பிழையில்லை, அதைத் தொடங்கும் இடத்தில்தான் பிழை. திருகாணிகளை மவுண்ட் தயாரித்தவர் சொன்ன டார்க் அளவுக்கு இறுக்குங்கள். ரெயிலிலிருந்து மவுண்ட்மேல் ஒன்றும் ரிங்கிலிருந்து ஸ்கோப் குழாய்மேல் ஒன்றுமாகப் பெயின்ட்டில் கோடு இழுத்துவிடுங்கள். குண்டு விலகும் நாளில் முதலில் அந்தக் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டரெட்டில் கை வைப்பது அதற்குப் பிறகு.